வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி: ட்ரெயினரா, ஸ்பின் பைக்கா? எதிலிருந்து தொடங்குவது?

மழைசவாரி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஐப்பசி, கார்த்திகையில வேளச்சேரி பக்கம் காலையில சைக்கிளை வெளிய எடுக்க முடியாது. சித்திரை வெயில்லயும் ஏழு மணிக்கு மேல அதே நிலைமைதான். அதனால வீட்டுக்குள்ளயே ஓட்டலாம்னு இருக்கேன். விவரம் கொடுத்துடறேன், அப்பதான் பதில் சொல்ல வசதியா இருக்கும்.

வயசு 43, எடை 82 கிலோ, உயரம் 170 செ.மீ. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கறேன் (கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது). கையில இருக்கறது 7 ஸ்பீடு ஹைப்ரிட், 700x35 டயர், பின் சக்கரம் ஸ்பேனர் போட்டுக் கழட்டுற நட்டு வகை. அபார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடி, 10க்கு 11 அடி ரூம், சீலிங் ஃபேன் மட்டும்தான், ஏசி கிடையாது. பட்ஜெட் 25,000 ரூபாய்.

இருக்கற வண்டியையே ட்ரெயினர்ல (வண்டியை நின்ன இடத்துலயே மிதிக்க வைக்கற தாங்கி) மாட்டலாமா, இல்ல ஸ்பின் பைக் (நகராம ஒரே இடத்துல நிக்கற பயிற்சி சைக்கிள்) வாங்கறதா? முதல் மாசம் என்ன ஓட்டணும்? கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வராம இருக்க என்ன செய்யணும்?

---

செயின்_லூப்:

முதல்ல உங்க வண்டியைப் பத்தி. நட்டு போட்ட பின் ஆக்ஸில்தான் (சக்கர அச்சு) இங்க சிக்கல். டயர்ல உருளை அழுத்துற வகை ட்ரெயினர் (வீல்-ஆன்) சக்கரத்தை ரெண்டு பக்கமும் ஸ்க்யூவரோட (ஆக்ஸிலுக்குள்ள நுழையற மெல்லிய கம்பி) முனையிலதான் பிடிக்கும். அதுக்காகவே பெட்டியில ஒரு இரும்பு ஸ்க்யூவர் வரும். உங்க ஆக்ஸில் திடமானது, ஸ்க்யூவர் நுழையாது. ஒண்ணு, ட்ரெயினருக்குன்னே செஞ்ச ஆக்ஸில் நட்டு வாங்கி மாட்டணும். இல்லைன்னா ஹப்புல (சக்கரத்தோட நடுப்பகுதி) ஸ்பேனர் இல்லாம கழட்டற, உள்ளீடற்ற க்விக் ரிலீஸ் ஆக்ஸில் மாத்தணும். இருக்கற நட்டு மேலயே இறுக்கிப் பிடிச்சு ஓட்டலாம்னு மட்டும் நினைக்காதீங்க. எழுந்து நின்னு மிதிக்கும்போது நழுவினா வண்டியோட சேர்ந்து சாய்வீங்க.

பின் சக்கரத்தைக் கழட்டிட்டு செயினை நேரா மாட்டுற டைரக்ட் டிரைவ் வகை இன்னும் நல்லது, சத்தமும் குறைவு. ஆனா புதுசா வாங்க உங்க பட்ஜெட் போதாது. செகண்ட் ஹேண்டுல பார்க்கறதா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. நட்டு ஆக்ஸில் வண்டின்னா பெரும்பாலும் உங்களுது மரையில திருகுற ஃப்ரீவீல்தான் (பின் பல்சக்கரக் கொத்து). அதைக் கழட்டி ட்ரெயினர்ல போட முடியாது. தனியா ஒரு 7 ஸ்பீடு கேசட் (ஹப் மேல சொருகற பல்சக்கரக் கொத்து) வாங்கணும். ட்ரெயினரோட ஹப் 8/9/10 ஸ்பீடு அகலத்துக்குன்னா கேசட்டுக்குப் பின்னாடி 4.5 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி வளையம்) போடணும். ஸ்பேசர் இல்லாம இறுக்கினா கேசட் ஆடும், கியர் ஒண்ணும் சரியா விழாது.

வீல்-ஆன்தான்னு முடிவு பண்ணா டயரையும் கவனிங்க. பட்டன் வச்ச டயர் போட்டா ரூம்ல மாவு மில் ஓடற மாதிரி இருக்கும். வழுவழு டயர் போடுங்க. காத்தை ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுக்கு வைங்க, டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கற அதிகபட்சத்துக்குக் கொஞ்சம் கீழ. உருளை டயரைத் தொட்டதும் குமிழை இன்னும் ரெண்டு சுத்து. அப்புறம் ஃப்ளைவீலை (உருளையோட சேர்ந்து சுத்தற கனமான சக்கரம்) கையால பிடிச்சுக்கிட்டு டயரை வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க, வழுக்கக் கூடாது. வழுக்கினா இன்னும் கால் சுத்து. அதுக்கு மேல இறுக்கினா டயர் சூடாகி ரப்பர் தூள் தூளா உதிரும். முன் சக்கரத்துக்கு அடியில ஒரு கட்டை வச்சு வண்டியைச் சமமாக்குங்க, இல்லைன்னா முழு எடையும் மணிக்கட்டுல இறங்கும்.

என் கணக்குல, ஏற்கனவே வெளியில ஓட்டறவர்னா சொந்த வண்டிதான் சரி. அதே சீட், அதே ஹேண்டில். ஃப்ளூயிட் வகை (திரவத்தால இழுவை தர்ற) வீல்-ஆன் ட்ரெயினரும் பின் ஹப்புல ஒரு ஸ்பீடு சென்சாரும் இருந்தா ஸ்விஃப்ட் (Zwift) மாதிரி வீட்டுக்குள்ள சைக்கிள் ஓட்டறதுக்கான ஆப்பும் ஓடும். வேகத்தை வச்சு வாட்டைத் தோராயமா கணக்குப் போட்டுக்கும்.

---

கிராங்க்_மாமா:

செயின்_லூப் சொல்றது ரோடு பைக் வச்சிருக்கறவனுக்குச் சரி. இவருக்கு ஆக்ஸில் மாத்தி, டயர் மாத்தி, சென்சார் வாங்கி, வெளிய போகற அன்னிக்கு எல்லாத்தையும் கழட்டி மறுபடி மாட்டி... ரெண்டாவது வாரமே ட்ரெயினர்ல துணி காயும். இந்த பட்ஜெட்டுக்கு நல்ல ஸ்பின் பைக்தான் என் ஓட்டு. ஏறினா ஓட்டம், இறங்கினா முடிஞ்சது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: பிரேக் பட்டை ஃப்ளைவீலை உரசுற ஃபெல்ட் வகையா, தொடாம இழுக்கற காந்த வகையா? காந்தமே வாங்குங்க. ஃபெல்ட் தேயும், வாடை வரும், நம்ம ஊர் ஈரப்பதத்துல இன்னிக்கு ஒரு இறுக்கம், நாளைக்கு ஒரு இறுக்கம்னு இருக்கும். செயினை விட பெல்ட் சத்தமில்லாதது, எண்ணெய் வேலையும் இல்ல. சீட் மேல கீழ மட்டும் நகர்ந்தா போதாது, முன்னும் பின்னும் நகரணும். ஹேண்டிலும் உயரணும். எடை வரம்பு உங்க எடையை விட 25, 30 கிலோ கூட இருக்கட்டும், ஏன்னா வரம்பை ஒட்டி வாங்கினா நின்னு மிதிக்கும்போது ஃப்ரேம் ஆடும். ஃப்ளைவீல் எடையை விளம்பரத்துல பெருசா போடுவான். காந்த வகையில அது அவ்வளவு முக்கியமில்ல, இழுவை மெல்ல மெல்ல ஏறுதா, திடீர்னு குதிக்குதான்னு பாருங்க.

மாட்டும்போது நூத்துக்கு பாதி பேர் கோட்டை விடற இடம் பெடல். இடது பெடலோட மரை தலைகீழ். எல்லா திருகும் வலப்பக்கம் சுத்தினா இறுகும், இது மட்டும் இடப்பக்கம் சுத்தினாதான் இறுகும். பெடல் முனையில எல், ஆர் எழுத்து இருக்கும். கிரீஸ் தடவி முதல் நாலஞ்சு சுத்து கையாலயே ஏத்துங்க. கையால ஏறலைன்னா மரை குறுக்க விழுந்திருக்குன்னு அர்த்தம், ஸ்பேனரை எடுக்காதீங்க. கிராங்க் (பெடலை மாட்டற கை) அலுமினியம், பெடல் அச்சு இரும்பு. பலவந்தம் பண்ணா கிராங்கோட மரை அப்படியே வழிச்சிட்டு வந்துடும்.

அடுத்தது இடது கிராங்க். முதல் வாரம் ஓட்டினதும் கிராங்க் போல்டை ஒரு தடவை இறுக்குங்க, அப்புறம் மாசம் ஒரு தடவை. மிதிக்கும்போது இடது காலுக்கு மட்டும் "டக்... டக்"னு கேட்டா அன்னிக்கே நிறுத்திடுங்க. லூசா ஓட்டினா கிராங்கோட சதுர ஓட்டை தேஞ்சு வட்டமாயிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது. கம்பெனிக்காரன் அதை "உபயோகத் தேய்மானம்"னு எழுதித் தள்ளிவிடுவான்.

முக்கியமானது: ஸ்பின் பைக்ல, மிதிக்காம விட்டா பெடல் நிக்கற ஃப்ரீவீல் அமைப்பு இல்ல. நீங்க காலை நிறுத்தினாலும் ஃப்ளைவீல் நிக்காது, பெடல் சுத்திக்கிட்டேதான் இருக்கும். வேகத்துல காலை எடுத்தா பெடல் வந்து முழங்கால் கீழ் எலும்புல அடிக்கும். நிறுத்தணும்னா குமிழைக் கீழ அழுத்துங்க, அதுதான் பிரேக். சின்னப் பிள்ளைங்க இருக்கற வீடா இருந்தா ஓட்டி முடிச்சதும் குமிழை முழுசா இறுக்கி வச்சுட்டுப் போங்க. சுத்தற சக்கரத்துல விரல் போனா விளையாட்டில்ல.

---

மூணாவது_மாடி:

சத்தம் பத்தி ஒண்ணே ஒண்ணு. கீழ் வீட்டுக்குக் கேக்கறது பைக் சத்தமில்ல, தளம் வழியா இறங்குற அதிர்வு. ரூம் நடுவுல போடாதீங்க. தூணோ பீமோ இருக்கற சுவர் ஓரமா போடுங்க, தளம் அங்கதான் குறைவா அதிரும். யோகா மேட் உதவாது, அமுங்கிடும். 8, 10 மி.மீ. கெட்டியான ரப்பர் மேட், அதுக்கு மேல நாலு காலுக்கும் வாஷிங் மெஷின் ரப்பர் பேட். காலடி திருகை அட்ஜஸ்ட் பண்ணி ஆட்டமே இல்லாம சமமாக்கிடுங்க. ராத்திரி ஒன்பதுக்கு மேல நின்னு மிதிக்காதீங்க.

---

வாட்டும்_வாட்டமும்:

இதுவரைக்கும் யாரும் ஃபேனைப் பத்திப் பேசல. 25,000ல 3,000 அதுக்கு ஒதுக்கிட்டுதான் மத்தது.

காரணம் இதுதான். நம்ம உடம்பு சாப்பாட்டுச் சக்தியில கால்வாசிக்கும் குறைவாத்தான் பெடலுக்கு அனுப்புது, மிச்சமெல்லாம் சூடு. பெடல்ல 100 வாட் போகுதுன்னா உடம்புக்குள்ள சுமார் 350 வாட் சூடு உண்டாகுது. வெளிய ஓட்டும்போது 20 கி.மீ. வேகத்துக்கு எதிர்காத்து தானா வரும், வியர்வை காஞ்சு உடம்பு ஆறும். ரூம்ல காத்து அசையாது. சென்னை ஈரப்பதத்துல வியர்வை காயாம சொட்டும். சொட்டுற வியர்வை உடம்பைக் குளிர வைக்காது, காயற வியர்வைதான் குளிர வைக்கும். சீலிங் ஃபேன் காத்து தலையிலயும் முதுகுலயும் படும், ஹேண்டில்ல குனிஞ்சிருக்கற நெஞ்சுக்கும் முகத்துக்கும் வராது. நல்ல பெடஸ்டல் ஃபேன் ஒண்ணை முன்னாடி மூணு நாலு அடியில, நெஞ்சு உயரத்துக்கு வைங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, இல்லைன்னா அதே வெந்த காத்துதான் சுத்தி சுத்தி வரும். "பத்து நிமிஷத்துல மூச்சு வாங்குது, எனக்கு ஸ்டாமினாவே இல்ல"ன்னு வண்டியை ஓரங்கட்டறவங்கள்ல நிறைய பேருக்குப் பிரச்சினை ஸ்டாமினா இல்ல, சூடு.

தண்ணி: அரை மணி ஓட்டத்துக்கு அரை லிட்டர் பக்கத்துல இருக்கட்டும். உங்களுக்கு எவ்வளவு தேவைன்னு தெரிஞ்சுக்க, ஓட்டறதுக்கு முன்னாடியும் முடிச்சுத் துவட்டினதுக்கு அப்புறமும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா, குடிச்சது போக இன்னும் ஒரு லிட்டர் போயிருக்கு. 45 நிமிஷத்துக்கு மேல போகும்போது லிட்டருக்கு கால் டீஸ்பூன் உப்பும் எலுமிச்சையும் போதும். பிபி இருந்தா உப்பை டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சேருங்க.

என்ன ஓட்டறது? முதல் ரெண்டு வாரம் வாரத்துக்கு மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். 5 நிமிஷம் லேசா, 15 நிமிஷம் பேசற வேகத்துல, 5 நிமிஷம் மறுபடி லேசா. பேசற வேகம்னா முழு வாக்கியம் திணறாம பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது. கால் சுழற்சி நிமிஷத்துக்கு 75லேர்ந்து 85. மீட்டர் இல்லைன்னா வலது முழங்கால் மேல வர்றதை 15 விநாடி எண்ணி நாலால பெருக்குங்க.

மூணு, நாலாவது வாரம் நடுவுல நாலு தடவை 1 நிமிஷம், இழுவையை ஏத்தாம சுழற்சியை மட்டும் 95க்குக் கொண்டு போங்க, ஒவ்வொண்ணுக்கும் இடையில 2 நிமிஷம் சாவகாசமா. இடுப்பு சீட்டுல துள்ளினா இழுவை ரொம்ப லேசா இருக்கு, ஒரு புள்ளி ஏத்துங்க. அஞ்சாவது வாரத்துலேர்ந்து வாரத்துல ஒரு நாள் மட்டும் 5 நிமிஷம் கடினம், 3 நிமிஷம் லேசுன்னு மூணு தடவை. கடினம்னா ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல பேச முடியாத அளவு. மத்த நாள் பழைய வேகமே. தினமும் கடினமா ஓட்டறவன்தான் நாலாவது வாரம் முழங்கால் வலின்னு இங்க வந்து கேக்கறான்.

எஃப்டிபி டெஸ்ட் (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கற அதிகபட்ச வாட்டைக் கணிக்கற சோதனை) எல்லாம் இப்ப வேண்டாம். 20 நிமிஷம் முழு மூச்சா ஓட்டி வர்ற சராசரி வாட்ல 95 சதவீதம் எடுக்கறதுதான் அந்தக் கணக்கு. வாட் காட்டற கருவியும் வேணும், கால்ல பழக்கமும் வேணும். அப்புறம் செயின்_லூப் சொன்ன ஆப் விஷயம்: சாதாரண ஸ்பின் பைக்ல ஸ்விஃப்ட் ஓடாது, பவர் பெடல் (வாட்டை அளக்கற பெடல்) மாதிரி ஏதாவது போடணும். அதே மாதிரி மைவூஷ் ஆப் இலவசம் (2024ல உலக சைக்கிள் சம்மேளனமான யுசிஐயோட இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப்பே அதுலதான் நடந்தது), ஆனா அதுக்கும் வாட் தகவல் போகணும். ஆரம்பத்துக்கு ஒரு கடிகாரமும் இளையராஜாவும் போதும்.

---

சர்க்கரை_கணக்கு:

மாத்திரை பற்றி மட்டும் சொல்கிறேன். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் உடற்பயிற்சியின்போது சர்க்கரை மிகவும் இறங்கும் வாய்ப்பு குறைவு. கிளிமிபிரைடு அப்படியல்ல. அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிறது. அதே நேரத்தில் தசையும் சர்க்கரையை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரலாம், சில நேரம் ஓட்டி முடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூட வரும். எனவே தொடங்கும் முன் மருத்துவரிடம் "வாரம் மூன்று நாள் சைக்கிள் ஓட்டப் போகிறேன், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா" என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். 43 வயதுக்கு இசிஜி தேவையா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

முதல் சில வாரங்கள் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து எடுத்த பிறகே ஏறுங்கள். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்று சரியாக இருக்கும். 250க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று வேண்டாம். கை நடுக்கம், சில்லென்ற வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். சைக்கிளில் எப்படியும் வியர்க்கும் என்பதால் இந்த வியர்வையைக் கவனிக்காமல் விட்டுவிடுவது எளிது. குளுக்கோஸ் பொட்டலம் அடுக்களையில் அல்ல, ஹேண்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

வெறுங்காலோடு ஓட்டாதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் பெடல் உரசிய புண் தெரியாது.

---

மழைசவாரி:

எல்லாருக்கும் நன்றி. டாக்டரைப் பார்த்தாச்சு, மாத்திரை அளவைக் கொஞ்சம் மாத்தியிருக்கார். காந்த இழுவை, பெல்ட் வச்ச ஸ்பின் பைக் வந்துடுச்சு, பெடஸ்டல் ஃபேனும் ரப்பர் மேட்டும் போட்டாச்சு. ரெண்டு வாரம் ஓட்டினதுல மூணு சந்தேகம்: (1) முழங்கால் முன்பக்கம், சில்லுக்குக் கீழ வலி. (2) 15 நிமிஷத்துல தொடை இடுக்குல மரத்துப் போகுது. (3) லேசாத்தான் ஓட்டறேன், வாட்ச்ல நாடித்துடிப்பு 165 காட்டுது, ஆனா நல்லா பேச முடியுது. பைக் மீட்டர் அரை மணிக்கு 480 கலோரின்னு வேற காட்டுது!

---

கிராங்க்_மாமா:

முழங்கால் முன்பக்கம் வலின்னா பத்துக்கு எட்டு தடவை சீட் தாழ்வா இருக்கும், இல்ல இழுவை அதிகமா வச்சு 60 சுழற்சியில மிதிப்பீங்க. பின்பக்கம் வலிச்சா சீட் உயரம்.

இப்படி அளங்க. வெறுங்கால்ல சுவர்ல முதுகை ஒட்டி நின்னு, கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால் இடுக்குல சீட் மாதிரி மேல அழுத்தி வச்சு, புத்தகத்தோட மேல் விளிம்புலேர்ந்து தரை வரை அளவு எடுங்க. அதை 0.883ஆல பெருக்குங்க. 78 செ.மீ. வந்தா 69. கிராங்க் அச்சு நடுவுலேர்ந்து சீட் மேற்பரப்பு வரைக்கும் அவ்வளவு இருக்கணும், சீட் கம்பம் போற சாய்விலயே அளக்கணும். இது ஆரம்பப் புள்ளிதான். பெடல் அடியில இருக்கும்போது குதிகாலை வச்சா கால் நேரா வரணும். பாதத்தோட முன் பகுதியை வச்சா முழங்கால் லேசா மடங்கி இருக்கணும். கண்ணாடி முன்னாடி ஓட்டிப் பாருங்க, இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடினா 5 மி.மீ. இறக்குங்க. ஒரே நாள்ல அரை செ.மீ.க்கு மேல மாத்தாதீங்க. முன்-பின் நிலைக்கு, பெடல் ரெண்டும் தரைக்கு இணையா இருக்கும்போது முன் முழங்கால்லேர்ந்து நூல்ல ஒரு நட்டைத் தொங்கவிட்டா பெடல் அச்சு மேல விழணும், ஏறக்குறைய.

மரத்துப் போறதுக்கு சீட் மூக்கு மேல தூக்கியிருக்கான்னு பாருங்க. சமமட்டம் வச்சுப் பார்த்து, சமமா வைங்க, இல்லைன்னா ஒரு இம்மி கீழ. ஹேண்டிலை சீட்டை விட ரெண்டு மூணு செ.மீ. மேல ஏத்துங்க. எட்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுவையைக் கூட்டி 20 விநாடி எழுந்து நில்லுங்க, ரத்தம் ஓடும். பேட் வச்ச சைக்கிள் ஷார்ட்ஸ் போடுங்க, உள்ள ஜட்டி வேண்டாம், தையல்தான் அறுக்கும். கடையில விக்கற ஜெல் உறையை வாங்கிடாதீங்க. எலும்பு உள்ள அமுங்கி நடுப்பகுதி மேல எழும்பி அதே நரம்பைத்தான் நசுக்கும். இவ்வளவும் செஞ்சும் மரத்துப் போனா சீட்டோட அகலம் உங்களுக்குப் பொருந்தல, மாத்திடுங்க. மரத்துப்போறதைப் பொறுத்துக்கிட்டு ஓட்டற வேலை கூடாது.

---

வாட்டும்_வாட்டமும்:

165 நிஜமா இருக்க வாய்ப்பு குறைவு. 43 வயசுக்கு 220ல வயசைக் கழிச்சா உச்சம் 177. (ஆளுக்கு ஆள் பத்து பன்னெண்டு முன்ன பின்ன இருக்கும்.) 165ல முழு வாக்கியம் பேசறது சிரமம். மணிக்கட்டு வாட்ச் வெளிச்சத்தை வச்சு ரத்த ஓட்டத்தைப் பார்க்குது. ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சு மணிக்கட்டு மடங்கியிருந்தா குழம்பிடும், சில நேரம் கால் சுழற்சியையே துடிப்புன்னு எண்ணும். வாட்ச்சை எலும்புக்கு மேல ரெண்டு விரல் தள்ளி இறுக்கமா கட்டுங்க, இல்ல மார்புப் பட்டை வாங்குங்க. அதுவும் 165 காட்டினாலோ, துடிப்பு தாறுமாறா இருந்தாலோ டாக்டர்கிட்ட போயிடுங்க. முதல் 10 நிமிஷத்துல 125, 25வது நிமிஷம் அதே இழுவையில 135ன்னு மெல்ல ஏறினா அது சூட்டாலயும் நீர் குறையறதாலயும் வர்ற நகர்வு, பயப்பட வேண்டாம்.

480 கலோரி கட்டுக்கதை. பெடல்ல போன கிலோஜூலும் உடம்பு செலவழிச்ச கலோரியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணா வரும், ஒரு கலோரி 4.18 கிலோஜூல், உடம்போட திறன் கால்வாசிக்குக் கீழ, ரெண்டும் கழிஞ்சிடும். அரை மணிக்கு 480ன்னா சராசரி 267 வாட். பல வருஷம் பழகினவனே மூச்சு வாங்கற அளவு அது. இப்ப நீங்க பேசிக்கிட்டே 80, 100 வாட் ஓட்டுவீங்க, அரை மணிக்கு 150லேர்ந்து 180. மீட்டரை நம்பி ராத்திரி ரெண்டு பரோட்டா கூடப் போட்டுடாதீங்க.

---

செயின்_லூப்:

ஸ்பின் பைக்தான்னு ஆயிடுச்சு, சரி. ஓட்டி முடிச்சதும் ஈரத்துணி, அப்புறம் காஞ்ச துணி, ரெண்டாலயும் துடைங்க. வியர்வை உப்பு முதல்ல தின்னறது சீட் கம்பத்தையும் ஹேண்டில் போல்டையும்தான். மாசம் ஒரு தடவை கம்பத்தை முழுசா வெளிய எடுத்துத் துடைச்சு மெல்லிசா கிரீஸ் தடவி இறக்குங்க. விட்டுட்டா துரு பிடிச்சு உள்ளயே ஒட்டிக்கும், அப்புறம் வீட்ல வேற யாரும் சீட்டை மாத்தி ஓட்ட முடியாது. கம்பத்துல இருக்கற எண்ணைக் குறிச்சு வைக்க மறந்துடாதீங்க.

---

மழைசவாரி:

அளந்தேன், 77 வந்தது. 68ல வைக்கணும், சீட் 63ல இருந்திருக்கு! மாமா சொன்ன மாதிரி ஒரு நாளைக்கு அரை செ.மீ. ஏத்தறேன். கடைக்காரர் வந்து மாட்டிட்டுப் போனபோது பெடல்ல கிரீஸ் போடவே இல்ல, இப்ப கழட்டிப் போடலாமா?

---

கிராங்க்_மாமா:

தாராளமா. கழட்டும்போதும் அதே தலைகீழ் கணக்குதான். வலது பெடல் இடப்பக்கம் சுத்தினா கழறும், இடது பெடல் வலப்பக்கம். 15 நம்பர் ஸ்பேனர், மெல்லிசா இருக்கறதா பார்த்து எடுங்க. தடிச்சது பெடலுக்கும் கிராங்குக்கும் இடையில நுழையாது.